போகச் சொன்னா போகாத புரோகிராம்கள் - ஒரு குட்டி வரலாறு

கிளம்புறது லேசுப்பட்ட காரியம் இல்லைன்னு நம்ம புதுச்சேரிக்காரங்களுக்குத் தெரியும். 1954 அக்டோபர் 18-ல் கீழூர் வாக்கெடுப்பு. 178 பேரில் 170 பேர் இந்தியாவோட சேரணும்னு சொல்லிட்டாங்க. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறிடுச்சு. ஆனா சட்டப்படி பிரெஞ்சு ஆட்சி முடிஞ்சது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். ஏறக்குறைய எட்டு வருஷம்! ஷட் டவுன் கொடுத்தும் அடங்காத கம்ப்யூட்டர் இதுக்கு எவ்வளவோ தேவலாம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் ஷட் டவுன்னே கிடையாது. டாஸுக்கு வெளியேறி, சுவிட்சை அணைக்க வேண்டியதுதான். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 ஸ்டார்ட் மெனுவில் அதைச் சேர்த்தது. இனி அணைக்கலாம்னு ஆரஞ்சு எழுத்தில் ஒரு திரை வருமே, ஞாபகம் இருக்கா?

அணைக்கச் சொன்னதும் விண்டோஸ் உடனே அணைஞ்சிடாது. திறந்திருக்கும் ஒவ்வொரு புரோகிராமையும் 'கிளம்பலாமா?'ன்னு கேட்கும். பதில் வரலைன்னா எக்ஸ்பியில் (2001) 'எண்ட் நவ்' பெட்டி வரும். அதை யாராவது அழுத்துற வரைக்கும் கம்ப்யூட்டர் அப்படியே நிக்கும். ஷட் டவுன் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டா, ராத்திரி பூரா கரண்ட் தண்டம்.

இதுக்குத்தான் ரெஜிஸ்ட்ரியில் 'ஆட்டோ எண்ட் டாஸ்க்ஸ்'னு ஒரு சாவி. கரண்ட் யூசர், கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்ற வரிசையில் போய் அதன் மதிப்பை 0-லிருந்து 1 ஆக்கினா, அடங்காத புரோகிராமை விண்டோஸே மூடிடும். பக்கத்திலேயே 'ஹங் ஆப் டைம்அவுட்' இருக்கும். வழக்கமான மதிப்பு 5000, அதாவது 5 விநாடி.

ஆபத்தும் இங்கேதான். நிஜமாவே தொங்கிப்போன புரோகிராமும், 'சேவ் பண்ணவா?'ன்னு கேட்டு உங்க பதிலுக்காக நிக்கிற புரோகிராமும் இந்தச் சாவிக்கு ஒண்ணுதான். மணிக்கணக்கா தட்டச்சு செஞ்ச தமிழ்க் கட்டுரை அஞ்சே விநாடியில் போயே போச்சு!

யூனிக்ஸ் குடும்பத்தில் இது பழைய வழக்கம். முதலில் 15-ம் எண் சிக்னல்: மரியாதையா முடிச்சுக்கோ. கேட்கலைன்னா 9-ம் எண்: பேச்சே கிடையாது, வெட்டுதான்.

2007-ல் கடைகளுக்கு வந்த விஸ்டா நடுவழி ஒண்ணு பிடிச்சது. எந்த புரோகிராம் தடுக்குதுன்னு முழுத்திரையில் பட்டியல் காட்டும். 'சிடி எழுதிக்கிட்டிருக்கேன்' என்ற மாதிரி புரோகிராம் காரணமும் சொல்லலாம். வெட்டுறதா, விடுறதான்னு முடிவு நம்ம கையில்.

என்னைக் கேட்டா, பலபேர் வந்து போற பொதுக் கம்ப்யூட்டருக்கு 1 சரி. சொந்தமா எழுதுற மெஷினில் 0-வாகவே இருக்கட்டும். அவசரமா கிளம்புற நாளில்தான் சேவ் பண்ண மறப்போம். அப்போ நம்மைத் தடுத்து நிறுத்துற அந்தப் பிடிவாதக்கார புரோகிராம், நம்ம நல்லதுக்குத்தான் நிக்குது.