ஆர்னோல்ஃபினி இணையர் உருவப்படம்

நெதர்லாந்திய ஓவியர் யான் வான் ஐக் 1434-இல் தீட்டிய இரட்டை உருவப்படம். ஓக் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் ஆனது; உயரம் சுமார் 82 செ.மீ., அகலம் 60 செ.மீ. 1842-இல் லண்டன் தேசிய ஓவியக்கூடம் இதை வாங்கியது. படத்தில் உள்ளவர்கள், ப்ரூஜ் நகரில் வணிகம் செய்த இத்தாலிய ஆர்னோல்ஃபினி குடும்பத்து ஆடவரும் அவர் மனைவியும் எனக் கருதப்படுகிறது.

காட்சி: படுக்கையறையில் இருவரும் கைகோத்து நிற்கின்றனர். ஆடவர் வலக்கையை உயர்த்தியிருக்கிறார். முகத்தில் புன்னகை இல்லை. பெண் பச்சை அங்கியை வயிற்றருகே அள்ளிப் பிடித்திருக்கிறார். இதனால் கர்ப்பிணி என்று பலர் நினைத்தாலும், அது அக்கால உடைப் பாணியே. சுவரிலுள்ள குவியாடியில் இருவரின் முதுகுப்புறமும், வாயிலில் நிற்கும் வேறு இருவரும் தெரிகின்றனர். அதற்கு மேல், தாம் இங்கு இருந்ததாக ஓவியர் லத்தீனில் எழுதி ஆண்டையும் குறித்துள்ளார்.

விளக்கங்களின் வரலாறு: கலை வரலாற்றாசிரியர் எர்வின் பானோஃப்ஸ்கி 1934-இல் இதைத் திருமணச் சான்றாக வாசித்தார். வாயிலில் நிற்போர் சாட்சிகள், உயர்த்திய கை உறுதிமொழி, நாய் விசுவாசம், பகலில் எரியும் ஒற்றை மெழுகுவர்த்தி கடவுளின் பார்வை. அன்றாடப் பொருள்களில் மறைபொருள் தேடும் முறைக்கு இவ்வாசிப்பு முன்மாதிரியானது.

எட்வின் ஹால் 1994-இல் இது திருமணமன்று, நிச்சயதார்த்தம் என்றார். மணமக்கள் எனப் பெயர் சுட்டப்பட்டிருந்த ஜொவான்னி தி அர்ரீகோவும் ஜொவான்னா செனாமியும் 1447-இல்தான் மணந்தனர் என்பது 1997-இல் ஆவணத்தால் தெரியவந்தது. வான் ஐக் இறந்தது 1441-இல்! அதன்பின் கவனம் ஜொவான்னி தி அர்ரீகோவின் உறவினரான ஜொவான்னி தி நிக்கொலாவோ மீது திரும்பியது.

லோர்ன் கேம்ப்பெல் 1998-இல் சடங்கு வாசிப்பையே மறுத்தார். அகச்சிவப்புக் கதிர் ஆய்வில் நாய், சரவிளக்கு, மரச்செருப்பு ஆகியவை வண்ணத்துக்கு அடியிலுள்ள முதல் வரைவில் காணப்படவில்லை; வேலையின் நடுவே சேர்க்கப்பட்டவை அவை. முதலிலிருந்தே திட்டமிட்ட குறியீட்டுத் தொகுப்பு என்ற வாதம் இதனால் தளர்ந்தது. கை உயர்த்தியது வருவோரை வரவேற்கவே என்பது அவர் கருத்து.

மார்கரெட் காஸ்டர் 2003-இல் இதை நினைவஞ்சலி ஓவியமாகக் கண்டார். நிக்கொலாவோவின் மனைவி கொஸ்தான்சா திரெந்தா 1433 பிப்ரவரிக்குள் இறந்துவிட்டார். சரவிளக்கில் ஆடவர் பக்கத்துச் சுடர் எரிகிறது. பெண் பக்கத்து மெழுகு உருகித் தீர்ந்திருக்கிறது. கண்ணாடிச் சட்டத்தின் பத்து வட்டங்களில், கிறிஸ்து உயிருடனிருக்கும் காட்சிகள் ஆடவர் பக்கத்திலும், இறப்புக்குப் பிந்தையவை பெண் பக்கத்திலும் உள்ளன.

மதிப்பீடு: ஆடவரின் இறுகிய முகத்தைச் சடங்கின் கண்ணியமாகவோ துக்கமாகவோ கொள்வது, பெண் யார், அவர் அப்போது உயிருடன் இருந்தாரா என்பதற்குத் தரும் விடையைப் பொறுத்தது. அவ்விடையில் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை.