இரு திருமணக் கடிதங்கள்: அயல்மொழி வாசிப்பில் முன்னறிவின் இடம்

ஆங்கிலப் பாடம் விளங்காத மாணவருக்குச் சொல்வளம் போதாது என்று முடிவுகட்டுவது இந்திய வகுப்பறைகளின் நெடுநாள் வழக்கம். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராயிருந்த மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவர்க்கு ஆங்கிலப் பேச்சைவிட வாசிப்பே முதற்தேவை என 1926இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். புதுச்சொற்களை அளவோடு புகுத்தும் வாசக நூல்களையும் உருவாக்கினார். வாசிப்பின் தடையை அவர் பெரிதும் சொல்லிலேயே கண்டார்.

1932இல் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பார்ட்லெட் வேறொரு தடையைக் காட்டினார். வட அமெரிக்கத் தொல்குடிக் கதையொன்றைப் படித்த ஆங்கிலேயர், அதைத் தம் தாய்மொழியிலேயே படித்திருந்தும், நினைவிலிருந்து திருப்பிச் சொல்கையில் தம் பண்பாட்டுக்கேற்ப மாற்றிவிட்டனர். படிப்பவர் தம்மிடமுள்ள அறிவுச் சட்டகத்தில் பொருத்தியே எதையும் புரிந்துகொள்கிறார் என்பது இதன் சாரம்.

1979இல் ஸ்டெஃபன்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் மூவரும் இக்கருத்தை இந்தியரிடத்தும் அமெரிக்கரிடத்தும் சோதித்தனர். இந்தியத் திருமணம் பற்றி ஒன்றும் அமெரிக்கத் திருமணம் பற்றி ஒன்றுமாக, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இரு கடிதங்களை இரு சாராரும் படித்தனர். தத்தம் பண்பாட்டுக் கடிதத்தை விரைவாகப் படித்து, மிகுதியாக நினைவுகூர்ந்தனர். பாட்டியின் மணவாடையை மணமகள் அணிவது அமெரிக்க மரபில் பெருமை. இந்திய வாசகர் ஒருவரோ அதை நாகரிகம் கடந்த பழைய உடை என்று கொண்டார். வரதட்சிணைப் பேச்சை அமெரிக்கர் அன்பளிப்புப் பரிமாற்றமாக வாசித்தார். அகராதி இவ்விருவர்க்கும் உதவியிராது.

இச்சான்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முன்னறிவு இல்லாதபோது வாசிப்பு தடைப்படுகிறது. பொருந்தாத முன்னறிவு இருப்பின் தடையே தெரியாமல் பொருள் திரிகிறது. ஆகவே மாணவர் அறிந்ததை முதலில் கேட்டறிவதும், அறியாததைப் படிக்குமுன் ஊட்டுவதும், இரண்டும் முரணும் இடத்தைச் சுட்டுவதும் ஆசிரியர் கடமையாகின்றன.

அதே 1979இல் பெங்களூரில் என். எஸ். பிரபு தொடங்கிய திட்டம், இருப்பூர்தி அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு மாணவரைச் சிந்திக்கவைத்து ஆங்கிலம் கற்பித்தது. அன்றாட வாழ்வின் அறிவு மொழிக்கல்விக்கு முதலாகலாம் என்பதற்கு அது இந்திய மண்ணிலேயே கிடைத்த சான்று.

ஆயினும் பனிப்பொழிவையே காணாத சிற்றூர் மாணவர் அதுபற்றிய பத்தியில் தடுமாறினால், விடைத்தாள் அதை மொழிக்குறை என்றே பதிவுசெய்கிறது. அம்மதிப்பெண் அளப்பது அவர் கற்ற ஆங்கிலத்தையா, அவருக்கு வாய்க்காத உலகத்தையா என்பதை வினாத்தாள் அமைப்போர் பிரித்தறிந்தாக வேண்டும்.