பதில் வராத சலாம்

ஊவாத் தோட்டங்களில் ‘சலாங்க’ என்றொரு சொல் உண்டு. துரைக்குச் சொல்வது. பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ‘சலாங்க தொரை’ என்று குனிந்து நின்ற காலத்தைச் சொல்வார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். நம்முடைய சொல் இவர்கள் நாவுக்கு எப்படி வந்தது, வந்த வழியில் எதைத் தொலைத்தது என்பது நாம் யோசிக்க வேண்டிய விடயம்.

சலாமின் ஒழுங்கு நமக்குத் தெரிந்ததே. வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும், சிறு கூட்டம் பெருங்கூட்டத்துக்கும் முந்திச் சொல்ல வேண்டும் என்பது நபிமொழி. சொன்னவருக்கு அதனிலும் அழகாக, இல்லையேல் அதே அளவிலாவது பதில் கூறும்படி சூரா அந்நிஸாவின் 86ஆம் வசனம் பணிக்கிறது. ஆக, சலாம் என்பது இருவர் சேர்ந்து முடிக்கிற வாக்கியம்.

முகலாய, நவாபு தர்பார்களில் அது குனிந்து நெற்றியில் கை வைக்கும் அரசவை மரியாதையாகச் சுருங்கிற்று. அங்கிருந்து வெள்ளைக்காரக் கம்பனியின் கச்சேரிக்கும் பட்டாளத்துக்கும் போனது. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டி வந்தபோது மலைக்கும் ஏறிவிட்டது.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களிற் பலர் அறுவடை முடிய ஊர் திரும்பினார்கள். 1869இல் மடுல்சீமையில்தான் கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டது. அதன்பின் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுதும் ஆள் வேண்டும், குடும்பத்தோடு வேண்டும். லயங்கள் நிரந்தரமாயின. ஒரு பருவத்துக்குச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய சலாம் அப்போதுதான் ஆயுள் முழுதும் சொல்ல வேண்டியதாயிற்று. தாயின் முதுகிலிருந்தே பிள்ளை அதைப் படித்துக்கொண்டது.

அன்றைய துரை குதிரையில் வருவார். நபிமொழியின்படி முதலில் சொல்ல வேண்டியவர் அவரே! நடந்ததோ வேறு. எதிரே வருபவர் பாதையை விட்டு ஓரம் இறங்க வேண்டும். தலைத்துண்டை எடுக்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், பிறகு ‘சலாங்க’. பதில் கிடைத்தால் ஒரு தலையசைப்பு. ‘உன்னைக் கண்டேன், குனிந்துவிட்டேன்’ என்று கொடுக்கும் கணக்காகவே அந்தச் சொல் ஆகிவிட்டது. பதிலை எதிர்பாராமல் தினமும் பேசிப் பழகியவன் கூலியிலும் நியாயத்திலும் பதிலை எதிர்பாராதவனாகிறான். இதை ‘அவர்களின் குணம்’ என்று எழுதியவர்கள் உண்டு. குணமல்ல, பழக்கப்படுத்தியது. அதே வாய், துரை மறைந்ததும் கங்காணியையும் துரையையும் பாட்டில் வைத்துத் தாளித்தது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

துரையும் தமிழ் படித்தார். புதிதாக வரும் சின்னத்துரைமாருக்காக ஏ. எம். பெர்கூசன் 19ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட தமிழ்க் கைநூலின் பெயரே ‘இங்கே வா’ என்பதுதான். ‘வாருங்கள்’ அல்ல, ‘வா’. ஒரு சமூகத்தோடு பேசக் கற்பதற்கு முதற்சொல்லாக அதைத் தெரிந்தெடுத்தார்களே, அந்த மனநிலையை விளக்க வேறு சான்று தேவையா?

இதைவிட ஆழமாகப் போன சொல் ‘பேர்’. தோட்டத்தில் ஒரு நாட்கூலிக்குப் பெயர் ‘பேர்’. பிரட்டுக்களத்தில் நின்று மலைக்குப் போய், கேட்ட அளவு கொழுந்து பறித்தால் செக்ரோலில் ஒரு பேர். அளவு குறைந்தால் ‘அரைப்பேர்’. தாய் தகப்பன் வைத்த பெயரை வேறொருவர் பென்சிலால் பாதியாக்கலாம் என்பதை ஒவ்வொரு மாலையும் நினைவூட்டும் சொல் இது.

1940இல் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. லங்கா சமசமாஜக் கட்சியினர் துணை நின்றார்கள். தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். அச்சபையோடு கலந்து நடக்கத் துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்துவிட்டார்கள். அந்த அலை அடக்கப்பட்டது. ஜூனில் என். எம். பெரேரா முதலானோர் சிறைக்குப் போனார்கள். ஆயினும் ஊவாவில் சில நாட்களாவது துரை பதில் சொல்ல வேண்டி வந்தது. எட்டு ஆண்டுகளில், 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை மிச்சக்கணக்கு தீரவில்லை.

நம்மவர் பக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பதுளை, பண்டாரவளை, பசறைக் கடைவீதிகளில் இவர்களின் சம்பள நாளை நம்பி வாழ்ந்த முஸ்லிம் வியாபாரிகள் ஏராளம். கடனுக்கு அரிசி கொடுத்தார்கள், நல்லது கெட்டதுக்கு உதவினார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் கல்லாவில் உட்கார்ந்த பத்து வயதுப் பையன் அறுபது வயதுக்காரரை ‘வா, போ’ என்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பையன் தன் உறவினர் எவரையும் ‘நானா’, ‘மாமா’ இல்லாமல் கூப்பிடமாட்டான். சிங்களவர் சிலர் நம்மைத் ‘தம்பியா’ என்னும்போது நமக்குச் சுடுகிறது. பாசமான தமிழ்ச் சொல்லொன்று ஏளனமாகிவிட்டதே என்று எழுதுகிறோம், பேசுகிறோம். ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் நம் வீடுகளில் எத்தனை இலேசாகப் புழங்கியது! ‘சலாம் மொதலாளி’ என்று வந்தவருக்கு எத்தனை கடைகளில் முகம் நிமிர்ந்தது?

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. குதிரை போய் ஜீப் வந்தது, வெள்ளைக்காரர் போய் நம் நாட்டவர் வந்தார். ‘தொரை’ மட்டும் போகவில்லை. இளையவர்கள் இப்போது ‘சேர்’ என்கிறார்கள், தலைத்துண்டு கழற்றுவதில்லை. அரைப்பேர் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா ஏன் வரவில்லை என்று வகுப்பில் கேட்டால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று சொல்கிறாள்: “வந்தா பேர் போயிரும்ங்க சேர்.”