வைக்கிங் பார்த்தது உயிரா, உப்பா?

1976 ஜூலை 20, வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. கில்பர்ட் லெவினோட சோதனை ரொம்ப எளிமை: மண்ணில் கதிரியக்கக் கார்பன் கலந்த சத்துநீரை விடணும், ஏதாவது அதைத் தின்னா வாயு வரும். வந்துச்சு! 160 டிகிரியில் சுட்ட மண்ணில் வரலை. என் லேப்ல கன்ட்ரோல் இப்படி அமைஞ்சா அன்னைக்கே தீசிஸ் எழுத உட்கார்ந்துடுவேன்.

ஆனா கலத்தோட இன்னொரு கருவி, மண்ணில் கரிமப்பொருளே இல்லைன்னுடுச்சு. உடம்பே இல்லாம உயிரா? பெரும்பாலானவங்க கையை விரிச்சுட்டாங்க.

2008-ல் ஃபீனிக்ஸ் கலம் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. சூடாக்கினா கரிமத்தை எரிச்சுடும் உப்பு. அந்தக் கருவி தேடினதே சூடாக்கித்தான்! 'இல்லை'ங்கிற சாட்சி பலவீனமாச்சு. அதுக்காக 'இருக்கு'ன்னு ஆயிடாது மக்களே. ரெண்டாவது தடவை சத்துநீர் விட்டப்போ புதுசா வாயு கிளம்பலை. எனக்கு உறுத்துறது இதுதான். லெவின் 2021-ல் மறையும்வரை மனசு மாறலை.