கங்காணியும் கேமராவும்
ஆக்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபுட்ஸ்டஃப்ஸ் நார்த் ஐலண்ட் நிறுவனம் 2024இல் தன் 25 பேரங்காடிகளில் முகம் அறியும் கேமராக்களை வைத்துப் பார்த்தது. இதையும் ‘கண்காணிப்பு’ என்றே எழுதிவிடுகிறோம், எனக்கு ஒப்பவில்லை. சோழர் கல்வெட்டுகளில் கண்காணி, கோயில் காரியங்களை மேற்பார்த்தவர். திருமூலருக்கோ இறைவனே கண்காணி. இலங்கைத் தோட்டங்களில் அந்தப் பெயர் ஆள் பிடித்து, கடன் கொடுத்து, வேலை வாங்கிய கங்காணிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கொடியவனானாலும் அவனுக்கு ஊரும் பேரும் உண்டு, முகத்துக்கு நேரே ஏசலாம். கேமராவை என்ன செய்வது? ‘வேவு’ என்ற சொல்லும் பொருந்தாது, அது மறைவில் நடப்பது. கடைவாசலிலோ அறிவிப்புப் பலகை இருந்தது. ‘முகச்சோதனை’ என்பேன். நுழைந்த ஒவ்வொரு முகமும் தடைப்பட்டியலோடு ஒப்பிடப்பட்டதே! அந்நிறுவனத்தின் ரோட்டோருவா நகரக் கடையில் வேறொருவரென்று தவறாகக் கருதி வெளியேறச் சொல்லப்பட்ட பெண்ணுக்கு, இரு பொருளிலும் அது சோதனைதான்.