பாற்கடல் பச்சையான கதை

கண்டி வாவி இயற்கையாக அமைந்ததன்று. தலதா மாளிகைக்கு அருகே வயலாகக் கிடந்த தாழ்நிலத்தை அணையால் மறித்து, 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதைத் தொடங்கினான். பாசனம் நோக்கமன்று, அழகுதான். சிங்களத்தில் அதன் பெயர் கிரி முஹுத, அதாவது பாற்கடல். கரையோர முகில் வடிவ மதில் முடியுமுன் 1815இல் மன்னன் ஆங்கிலேயரிடம் பிடிபட்டான்; வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தான்.

வயல்நீர் வடிந்துவிடும், அணைநீர் தேங்கும். வாவிக்குப் பின்னாளில் நேர்ந்தவற்றுக்கு வித்து இதுதான். சுற்றியுள்ள குன்றுச் சரிவுகளில் வீடுகளும் விடுதிகளும் பெருகியபோது சவர்க்கார நீரும் கழிவும் மழையோடு இறங்கின. அவற்றில் பாசிக்கு உரமாகும் பொசுபரசு இருந்தது; அரிக்கப்பட்ட மண் துணிக்கைகளிலும் அது ஒட்டிவந்தது. கரை மரங்களில் அடையும் பறவைகளின் எச்சமும், மீனுக்கு இரை போடும் அன்பும்கூட இந்தக் கணக்கில் சேரும்.

நன்னீரில் பாசிக்குப் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது பொசுபரசே. 1973இல் கனடாவின் 226ஆம் இலக்க ஏரியை ஆய்வாளர் திரையிட்டு இரண்டாக்கினர். இருபாதியிலும் காபனும் நைதரசனும் இட்டனர்; பொசுபரசும் சேர்த்த பாதி மட்டும் பச்சையானது. பொசுபரசு வாயுவாகி வெளியேறுவதில்லை. நீரோடு போக வேண்டும், இல்லையேல் அடியில் படிய வேண்டும். படிந்தது சேற்றிலுள்ள இரும்போடு பிணைந்திருக்கும். ஒட்சிசன் அற்றுப்போனால் பிணைப்பு அவிழ்ந்து மீண்டும் நீரில் கரையும். ஆழம் குறைந்த ஏரிகளில் நிலைமை இன்னும் மோசம்: காற்றடித்தாலே சேறு கலங்கும். கொழும்பின் பேரை வாவி அத்தகையது. புதுக்கழிவை நிறுத்திய பின்னும் பழைய சேமிப்பு ஆண்டுக்கணக்கில் பாசியை வளர்க்கும்.

கண்டியில் 1999 மே மாதம் மைக்ரோசிஸ்டிஸ் என்ற சயனோபற்றீரியா வாவியில் பச்சைப் படலமாகப் பரவியது. கலத்துக்குள் இருக்கும் வாயுக் குமிழிகளால் அது மேலே மிதந்து வெயிலைத் தனதாக்கிக்கொள்ளும். அதன் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். அப்படலம் மடிந்து அழுகும்போது ஒட்சிசன் குறையும், சேற்றின் பிணைப்பு மேலும் அவிழும்.

பின்னர் நகரக் கழிவுநீருக்காகக் கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. வாவியில் நிரம்பி வழியும் நீரோ மெத எல வழியாகக் கெட்டம்பேயில் மகாவலியைச் சேர்கிறது. 1976 முதல் அந்த ஆற்று நீரில் ஒரு பகுதி பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, மாத்தளைப் பக்கத்திலுள்ள உக்குவெலவுக்குச் சுரங்கவழி போகிறது.