வற்றிய வைதரணி

யமலோகம் செல்லும் வழியிலே வைதரணி என்றோர் ஆறு உண்டென எம் முன்னோர் கூறிவைத்தனர். அவ்வாற்றைப் படகேறிக் கடப்பது போன்ற காட்சியொன்றைக் கட்டணம் பெற்றுக் காட்டிய இடம் சிங்கப்பூரிலே இருந்தது. இன்று அங்கே அந்நீருமில்லை, படகுமில்லை. அதன் வரலாறு இளைஞராகிய நாம் அறியத்தக்கது.

தலையிடிக்கு எம்மவர் நெற்றியிலே தடவும் "டைகர் பாம்" தைலத்தை உலகெங்கும் பரப்பியவர் ஆவ் பூன் ஹோ என்னும் சீன வணிகர். இவர் இரங்கூனிலே பிறந்தவர். தம்பி ஆவ் பூன் பாருக்காகப் பாசிர் பாஞ்சாங் குன்றிலே ஒரு மாளிகையும் தோட்டமும் அமைத்து 1937ஆம் ஆண்டிலே திறந்தார். தம்பி 1944இல் மறைந்தார். மாளிகையும் யுத்தத்திலே சிதைந்தது. தோட்டமோ நிலைத்தது. புராணக் கதைகளும் நீதிகளும் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட சிலைகளாகவும் சிற்பக் காட்சிகளாகவும் எழுந்தன. ஏழையும் செல்வரும் காசின்றிக் கண்டு சென்றனர்.

அவற்றுள் பெயர்பெற்றவை நரகத்தின் பத்து மன்றங்கள். முதலாம் மன்றத்திலே உயிரின் வினைகள் கண்ணாடியிலே தோன்றும். ஐந்தாம் மன்றத்து அரசன் யென்லோ. அவன் வேறு யாருமல்லன், பௌத்தத்தோடு சீனஞ் சென்ற எங்கள் யமராசனே! பத்தாம் மன்றத்திலே மறதிப் பானம் அருந்தி உயிர் மறுபிறப்பு எய்தும். பரீட்சையிலே களவு செய்தோருக்கும் அங்கே தண்டனை உண்டென்பதை மாணவர் கவனிப்பார்களாக.

1985இல் அரசின் சுற்றுலாச் சபை தோட்டத்தை ஏற்றது. பெரும் பொருட்செலவிலே புதுக்கப்பட்டு, 1990இல் அது "டிராகன் உலகம்" என்னும் களியாட்டப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அறுபது மீற்றர் நீளமான பறவைநாகத்தின் வயிற்றுக்குள்ளே நீரோடியது. மக்கள் படகிலிருந்தபடியே மன்றங்களைப் பார்த்துச் சென்றனர். வாயிலிலே வளர்ந்தோருக்குக் கட்டணம் 16 டொலர்.

விளைந்தது யாது? முதலாண்டிலே இலாபம்; பின்னர் கூட்டம் குறைந்தது. பத்தாண்டிலே நட்டம் மூன்று கோடி டொலரைத் தாண்டியது. 2001இல் நடத்தியவர்கள் விலகினர். சவாரிகள் ஓய்ந்தன, நீர் வற்றியது, நாளடைவில் நாகமும் இடிக்கப்பட்டது. தோட்டத்துக்குள் மீண்டும் இலவசமாகவே செல்லலாம். பத்து மன்றங்கள் மட்டும் 2021இல் திறந்த நரக அருங்காட்சியகத்துள்ளே, கட்டணத்துடன் உள்ளன. அங்கும் கால்நடையாகவே பார்க்கின்றனர்.

கட்டணம் மாத்திரமா காரணம்? நாம் அவ்வாறு எண்ணவில்லை. முன்னே தந்தை பிள்ளையின் கைபிடித்து, ஒவ்வொரு மன்றத்தின் முன்னும் நின்று கதை சொல்ல முடிந்தது. படகோ எவருக்காகவும் நிற்பதில்லை. பிள்ளை "ஏன் அப்பா?" என்று கேட்குமுன் அடுத்த காட்சி வந்துவிடும். அச்சம் எஞ்சியது, அறம் நழுவியது.

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய செய்தியா? எமது திருவிழாக்களிலே மின்விளக்கும் ஒலிபெருக்கியும் பெருகுகின்றன. புராணபடனம் கேட்க இருப்போர் எத்தனை பேர்? அலங்காரம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆயினும் ஜெயபுரத்துச் சிறுவன் ஒருவன் சூரன்போரைக் கண்டு "ஏன்?" என்று கேட்கும்போது, நின்று விடைசொல்ல ஒருவர் அருகிருத்தல் வேண்டும். அந்த ஒருவராக இருப்பதே எம் சங்கத்து இளைஞரின் கடன்.